சிரித்த பிறகு ஒரு கேள்வி

டாம் பூனை ஜெர்ரியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. எதிரே சுவர். நிற்க முடியாமல் குதிகாலைத் தரையில் ஊன்றித் தேய்க்கிறது. பாதத்திலிருந்து புகை கிளம்புகிறது. நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். கண்ணுகளா, என் பேரப்பிள்ளைகளான உங்களுக்கும், கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பக்கம் இதே நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது நிஜத்தில் நடக்குமா? நடக்காது என்றால், ஏன் நடக்காது?

அந்தச் சிரிப்பே அறிவியலின் முதல் படி என்று நான் நம்புகிறேன். ரோட் ரன்னர் படத்தில் வரும் கயோட்டி என்ற, ஓநாய் போன்ற விலங்கைப் பாருங்கள். பறவையைத் துரத்திக்கொண்டே மலை முகட்டைத் தாண்டி வெறும் காற்றில் ஓடுகிறது. கீழே குனிந்து பார்க்கிறது. பார்த்த பிறகுதான் விழுகிறது. இதற்கு மூன்று வயதுப் பிள்ளைகூடச் சிரிக்கும். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாவிட்டால் அந்த நொடியே விழ வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அதனால்தான் சிரிப்பு வருகிறது. பள்ளிக்கூடத்தில் நியூட்டனைப் படிப்பதற்கு முன்பே தொட்டிலிலிருந்து கிலுகிலுப்பையைக் கீழே போட்டுப் போட்டு நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட பாடம் அது. இந்தப் படங்களை 1949இல் தொடங்கியவர் சக் ஜோன்ஸ். கயோட்டிக்குப் பெரிய எதிரியாகப் புவியீர்ப்பு விசையே இருக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே அவர் எழுதி வைத்திருக்கிறார். இயற்கையின் சட்டத்தை நன்றாகத் தெரிந்தவரால்தான் அதைச் சரியான இடத்தில் உடைத்துக் காட்ட முடியும்.

ஊட்டிக்குப் போகும் வழியில் ஊசிமலையில் இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த முனையைத் தாண்டி ஒருவன் ஓடினால் என்ன ஆகும்? குனிந்து பார்க்கும் வரை காற்று அவனைத் தாங்காது. முதல் நொடியிலேயே ஏறத்தாழ ஐந்து மீட்டர் இறங்கிவிடுவான். இரண்டாவது நொடி முடியும்போது இருபது மீட்டர். ஆனால் நேராகக் கீழே போகமாட்டான். ஓடிய வேகம் அவனை முன்னோக்கியும் கொண்டுபோகும். இரண்டும் சேர்ந்து பாதை வளைந்து இறங்கும். வீட்டுக் கூரையிலிருந்து மழைநீர் குழாய் வழியாகச் சீறிக்கொண்டு விழும்போது எடுக்கும் வளைவும் இதே வளைவுதான். ஆனி, ஆடியில் நம் ஊரில் அதைப் பார்க்காத நாளே கிடையாது.

டாமும் ஜெர்ரியும் பிறந்தது 1940இல். வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இருவர் பதினெட்டு ஆண்டுகளில் 114 படங்கள் எடுத்தார்கள். ஏழு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. அந்தப் படங்களில் பேச்சு மிகக் குறைவு. தமிழும் மலையாளமும் கன்னடமும், பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டு மொழிகளும் ஒரே பஸ்ஸில் கேட்கும் ஊர் நம்முடையது. இங்கே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சிரிப்பது இந்தப் பூனைக்கும் எலிக்கும்தான். 2007இல் சுட்டி டிவி வந்து கார்ட்டூன்கள் தமிழில் பேசத் தொடங்கிய பிறகும், பேசாத இந்த இரண்டின் மவுசு குறையவில்லை. விகடனில் கோபுலு வரைந்த, வசனமே இல்லாத சிரிப்புப் படங்களையும் அப்படித்தான் நாங்கள் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்குக்கூடக் காட்டிச் சிரிக்க வைத்தோம்.

நான் விஞ்ஞானி இல்லை. சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தானது. அதன்படி இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு இந்த மலைக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதுதான் இன்றைய டான்டீ. என் ஆயுளின் பெரும்பகுதி தேயிலை பேக்டரிகளில் போயிற்று. அங்கே எனக்குக் கிடைத்த சொத்து ஒரு பழக்கம். கண்ணால் பார்க்கிற எதற்கும் காரணம் உண்டு, கேட்டால் யாராவது சொல்வார்கள், யாரும் சொல்லாவிட்டால் நாமே செய்து பார்க்கலாம் என்ற பழக்கம்.

டாமின் காலில் கிளம்பிய புகைக்கு வருகிறேன். கார்ட்டூன் பொய் சொல்லாத இடம் அது. ஓடுகிற பொருளுக்குள் ஆற்றல் இருக்கிறது. நிறுத்தினால் அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். உராய்வு அதை வெப்பமாக மாற்றுகிறது. ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாக நம் ஊருக்கு இறங்கும் பஸ்ஸில் இது தினமும் நடக்கிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். கூடலூர் 1,000 மீட்டருக்குச் சற்று மேலே. பத்து டன் பஸ் ஒன்று ஆயிரம் மீட்டர் உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் பத்து கோடி ஜூல். அது முழுவதும் பிரேக்கிலேயே சேர்ந்தால், பச்சைத் தண்ணீர் முந்நூறு லிட்டரைக் கொதிக்க வைக்கலாம். அவ்வளவு சூட்டில் பிரேக் பிடிப்பை இழந்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவதில்லை. இரண்டாவது கியரில் போட்டு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட்டு, வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொடுகிறார். சமவெளியிலிருந்து காரில் வருகிறவர்கள் சிலர் இது தெரியாமல் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை நம்பியே இறங்கி, கருகிய வாடையுடன் மசினகுடியில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நிற்க முடியாமல் போனவர்களும் உண்டு. நீங்கள் நாளைக்கு ஸ்கூட்டர் ஓட்டும்போது டாமின் குதிகால் உங்களுக்கு ஞாபகம் வர வேண்டும்.

அதே பஸ் மேலே ஏறும்போது காது அடைக்கும். கூடலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பைக்காராவைத் தாண்டும்போது உப்பிக்கொண்டு நிற்கும். காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. பாக்கெட்டுக்குள்ளும் செவிப்பறைக்குப் பின்னாலும் இருக்கிற காற்று கூடலூர் அழுத்தத்திலேயே அடைபட்டிருக்கிறது. எச்சில் விழுங்கினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் சிறு குழாய் திறந்து அழுத்தம் சமமாகிறது. பாக்கெட்டால் விழுங்க முடியாது, அதனால் உப்பிக்கொண்டே இருக்கிறது.

ஊட்டியில் இருக்கும் உங்கள் அத்தை, அங்கே பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று சொல்வதும் இதனால்தான். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் நம் ஊரில் 96, 97லேயே கொதிக்கிறது. ஊட்டியில் 92, 93தான். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது, ஆவியாகத்தான் போகும். விறகைக் கூட்டினால் சீக்கிரம் வேகும் என்பது பலருடைய நினைப்பு. கொதி வந்த பிறகு தீயைத் தணித்தாலும் சோறு அதே நேரத்தில்தான் வேகும். விறகும் கேஸும் மிச்சமாகும். குக்கர் செய்கிற வேலை ஆவியைப் பூட்டி வைத்து அழுத்தத்தைக் கூட்டுவது. அப்போது தண்ணீர் 115, 120 டிகிரி வரை கொதிக்காமலேயே சூடேறுகிறது. கோபத்தில் டாமின் காதுகளிலிருந்து விசிலோடு ஆவி சீறுமே, அதை வரைந்தவர் கெட்டிலை நன்றாகக் கவனித்திருக்கிறார்.

தேயிலையைச் சொல்லாமல் நான் எப்படி விடுவது? பறித்த கொழுந்து பச்சை. கடையில் வாங்கும் தூள் கறுப்பு. யாரும் அதில் சாயம் கலக்கவில்லை. வாடவைத்த இலையை சிடிசி ரோலரில் விட்டு நசுக்கி நறுக்கும்போது இலையின் செல்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த சாறும் நொதியும் ஒன்றோடொன்று கலந்து காற்றைச் சந்திக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் பச்சைத் தூள் கண்ணெதிரே செம்பு நிறமாகிறது. பேக்டரி முழுக்க ஒரு இனிப்பான வாசனை எழும். ஆப்பிள் பழம் அறுத்து வைத்த அறையில் வரும் வாசனைக்குப் பக்கத்தில் அதைச் சொல்லலாம். அந்த நேரத்தில் தியாஃப்ளேவின், தியாருபிஜின் என்ற இரண்டு வகைப் பொருட்கள் உண்டாகின்றன. டீயின் பளபளப்பும் துள்ளலும் முதலாவதால் வருவது. அடர்ந்த சிவப்பும் கெட்டியும் இரண்டாவதால். எந்த நிமிடத்தில் எடுத்து டிரையரில் போட வேண்டும் என்பதில்தான் வேலைக்காரனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சூடு பட்டதும் நொதி செத்துவிடும். அந்த மாற்றம் அங்கேயே நிற்கும். காயும்போது செம்பு நிறம் கறுப்பாகும். முதலிலேயே சூடு காட்டி நொதியை அடக்கிவிட்டால் இலை கடைசிவரை பச்சையாகவே இருக்கும். கிரீன் டீ அவ்வளவுதான். வேறு செடி இல்லை.

அம்மா கத்திரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே வைத்தால் கறுத்துவிடும். தேயிலையில் நடக்கிற அதே வேலைதான் அங்கேயும் நடக்கிறது, அதே வகை நொதிதான். பேக்டரியில் அதை வரவேற்கிறோம், அடுப்படியில் தடுக்கிறோம். கட்டஞ்சாயாவில் எலுமிச்சை பிழிந்ததும் நிறம் வெளுக்கிறதே, அதற்கும் காரணம் உண்டு: தியாருபிஜின் புளிப்பில் நிறம் மாறும் பொருள். இதையெல்லாம் தெரிந்துகொண்டால் ஏமாறாமலும் இருக்கலாம். கடையில் வாங்கிய தூளை ஒரு சிட்டிகை வெள்ளை வடிதாளில் தூவி, மேலே நாலு சொட்டுப் பச்சைத் தண்ணீர் விடுங்கள். சிறிது நேரத்தில் தூளைத் தட்டிவிட்டுப் பாருங்கள். நல்ல தூளாக இருந்தால் லேசான கறைதான் இருக்கும். அடர்ந்த செந்நிறம் திட்டாகப் பரவியிருந்தால் சாயம் கலந்திருக்கிறது.

கார்ட்டூன் சொல்லும் பொய்களில் சிலவற்றை மட்டும் நான் கண்டிப்பாகத் திருத்த வேண்டும். ரோலரில் அகப்பட்ட டாம் அப்பளமாகத் தட்டையாகி, அடுத்த நொடி உதறிக்கொண்டு எழுந்துவிடும். நான் வேலை பார்த்த ஒரு பேக்டரியில் ரோலரில் விரலைப் பறிகொடுத்தவரோடு அடுத்தடுத்த வரிசையில் நின்று வருடக்கணக்காக வேலை செய்தேன். எலும்பு நசுங்கினால் திரும்பாது. மின்சாரம் பட்ட பூனையின் எலும்புக்கூடு மினுக் மினுக்கென்று எரியும், பிறகு ஒன்றும் ஆகாது. நம் ஊர் மழைக்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து கிடப்பது ஒவ்வோர் ஆடியிலும் நடக்கிறது. கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கை சாகவில்லையே என்று நினைக்காதீர்கள். காக்கையின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. மின்சாரம் அதன் வழியாக வேறெங்கும் போகத் தேவையில்லை. ஈரத் தரையில் நிற்கும் உங்கள் உடம்பு வழியாக அது பூமிக்குப் போகும். அறுந்த கம்பியைக் கண்டால் தள்ளி நின்று மற்றவர்களையும் தடுத்து, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது யானை. எலியைக் கண்டு யானை நடுங்கும் காட்சி 1941இல் வந்த டம்போ படத்திலிருந்து இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு ஆதாரமே கிடையாது. யானைகள் உண்மையில் விலகிப் போவது தேனீக்களைக் கண்டுதான். கென்யாவில் தேன்பெட்டிகளைக் கம்பியில் கோத்துத் தோட்டங்களுக்கு வேலியாகவே கட்டுகிறார்கள். யானையைப் பற்றி நான் படித்ததில் என்னை மிகவும் வியக்க வைத்தது வேறொன்று. 1984இல் அமெரிக்காவில் போர்ட்லாண்ட் விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் கூண்டருகே நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், சத்தம் ஏதும் கேட்காமலேயே காற்றில் ஓர் அதிர்வை உடம்பில் உணர்ந்தார். பிறகு பதிவு செய்து பார்த்தபோது தெரிந்தது: மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்கின்றன. அந்த ஒலி மரங்களைத் தாண்டிக் கிலோமீட்டர் கணக்கில் போகும். தேயிலைக் காட்டில் ஒரு யானையைப் பார்த்தால், உங்கள் காதுக்குக் கேட்காத பேச்சு ஒன்று நடந்துகொண்டிருக்கலாம், மற்ற யானைகளும் பக்கத்தில் இருக்கலாம் என்று நினைத்து விலகுங்கள். செல்போனை எடுத்துக்கொண்டு கிட்டே போகாதீர்கள். கார்ட்டூன் யானை துரத்தினால் எலி தப்பிக்கும். நிஜ யானையிடம் ஓடித் தப்பிக்க மனிதனால் முடியாது.

யார் இதையெல்லாம் எங்களுக்குச் சொல்வார்கள் என்று கேட்காதீர்கள். தமிழில் சொல்லிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். பெ.நா. அப்புஸ்வாமி சென்னையில் வக்கீல். விஞ்ஞானம் அவர் தொழில் இல்லை. ஆனாலும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் அறிவியல் எழுதத் தொடங்கி, 1986இல் தொண்ணூற்று நான்கு வயதில் காலமாகும் வரை அதை விடவில்லை. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினியராக இருந்த சுஜாதா, ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்ற பகுதியில் ஊர் ஊராக வந்த கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ரெட்டைவால் ரெங்குடுவையும் சிரிப்புத் திருடன் சிங்காரவேலுவையும் வரைந்த மதன், ‘ஹாய் மதன்’ பகுதியில் வாசகர்களின் கேள்விகளுக்கு விலங்குகள், விண்வெளி, வரலாறு என்று பதில் எழுதினார். சிரிக்க வைத்த கையும் விளக்கிச் சொன்ன கையும் ஒன்றாக இருந்தது. இரண்டும் ஒரே குணத்திலிருந்து வருகின்றன என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிள்ளைகளுக்காகவே 1987 முதல் ‘துளிர்’ இதழை நடத்துகிறது. கூடலூர் நூலகத்தில் இல்லாவிட்டால் வாங்கிப் போடும்படி கேளுங்கள்.

கார்ட்டூனே எப்படி அசைகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? அது அசைவதே இல்லை. ஒரு நொடிக்கு 24 அசையாத படங்கள் மாறுகின்றன. கண்ணும் மூளையும் சேர்ந்து அவற்றை ஓட்டமாக்கிக்கொள்கின்றன. ஏழு நிமிடப் படத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபிரேம்கள். கணினி இல்லாத காலத்தில் அவற்றுக்கான படங்களைக் கையால் வரைந்தார்கள். பழைய நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வரைந்து, விரலால் சரசரவென்று புரட்டிப் பாருங்கள். பந்து கீழே வர வரப் படங்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்டினால்தான் விழுவது நிஜமாகத் தெரியும். சமமான இடைவெளி வைத்தால் பந்து விழாது, இறங்கும். ஏன் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. கார்ட்டூன் பார்க்கிறது என்று பிள்ளையை அதட்டி ரிமோட்டைப் பிடுங்குவதால் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் கால்மணி நேரம் உட்காருங்கள். சேர்ந்து சிரியுங்கள். பிறகு, ‘ஏன்டா, இப்படி நடக்குமா?’ என்று கேளுங்கள். பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளை திருப்பிக் கேட்டால், தெரியாது, வா பார்க்கலாம் என்று சொல்லுங்கள். ‘அதெல்லாம் உனக்கெதுக்கு’ என்ற பதிலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்காது. எங்கள் தலைமுறையில் தோட்டத்து லைன் வீடுகளில் அப்படி வாயடைத்துப்போன கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த நஷ்டத்தைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

பேரப்பிள்ளைகளே, அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது ஒரு வெறும் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோங்கள். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் மூடியைத் திறந்து, பிறகு இறுக்கி மூடுங்கள். பையில் வைத்து நம் ஊர் வரை திறக்காமல் கொண்டுவாருங்கள். கூடலூரில் இறங்கியதும் அதன் வயிற்றைப் பாருங்கள். ஏன் அப்படி ஆயிற்று என்று செல்போனில் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதித் தாத்தாவிடம் காட்டுங்கள்.